வலது பெடல் இறங்கும்போது

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் வாரத்துக்கு ஒன்றிரண்டு சத்தங்கள் என் போனுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. சர்வீஸ் பிரிவில் இப்போது என் இடத்தில் இருக்கும் ஷாகிரா அனுப்பி வைப்பாள். வாடிக்கையாளர் சைக்கிளை ஓட்டிக்கொண்டே பதிவு செய்தது. "இது செயினா, பெடலாக்கா?" என்று கீழே ஒரு வரி இருக்கும். காதோடு வைத்துக் கேட்டுவிட்டு, பெரும்பாலும் பதிலுக்கு ஒரு கேள்விதான் அனுப்புவேன்.

இந்த முறையை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் நாளில் இது இருந்திருந்தால் பாதி அலைச்சல் குறைந்திருக்கும். போன மாதம் ஷாகிரா வேறொன்று கேட்டாள். "சானமாவுல அந்த ஆறு சைக்கிள் விஷயத்த எழுதிக் குடுங்கக்கா. புதுசா சேர்றவங்க ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கினு இருக்காங்க. ஒருத்தர் ஆனை மிதிச்சிடுச்சுன்னே சொல்றாரு."

யானை யாரையும் மிதிக்கவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

சாமல்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். பன்னிரண்டாவது முடித்த கையோடு நான் ஓசூரில் ஒரு சைக்கிள் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் ஒன்பது வருடம் சக்கரப் பிரிவு. ஸ்போக்ஸ் கம்பிகளை முறுக்கிக் கோட்டம் எடுக்கிற வேலை. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விரல் காய்த்தது, கண் பழகியது. பிறகு அசெம்பிளியில் பல வருடம். கம்பெனி மலைப்பாதைக்கான கியர் சைக்கிள்களைச் செய்யத் தொடங்கியதும், புகாரோடு திரும்பி வரும் வண்டிகளைப் பார்க்கும் சர்வீஸ் பிரிவுக்கு என்னை மாற்றினார்கள். அங்கே தலைவராக இருந்தவர் நயினார் சார்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஓசூருக்கு வந்து இருபது வருடம் ஆகியும், சுற்றிலும் கன்னடமும் தெலுங்கும் கேட்டும், அவர் பேச்சு மட்டும் மாறவில்லை. வேலை நேரத்தில் உட்கார மாட்டார். குரலை உயர்த்த மாட்டார், பாராட்டவும் மாட்டார். சட்டைப் பையில் ஒரு பென்சில் இருக்கும். புகார் வந்த ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஓர் அட்டை. அதில் இரண்டு கட்டம்: சத்தம் எப்போது வருகிறது, எப்போது வரவில்லை. இரண்டாவது கட்டத்தை நிரப்பாமல் ஸ்பேனரைக் கையில் எடுக்கக் கூடாது. வேலை முடிந்த பிறகும் 'சரியாகிவிட்டது' என்று எழுதக் கூடாது.

"வரலன்னு எழுதுங்க," என்பார். "நாம கேட்டது அவ்வளவுதான்."

ஏதாவது சொல்லப் போனால் முதல் கேள்வி ஒன்றுதான்: "நீங்க கேட்டியளா, இல்ல கேட்ட மாதிரி இருந்திச்சா?" ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருக்கும். வீட்டுக்குப் போய் அவரைப் போலப் பேசிக் காட்டி என் கணவரைச் சிரிக்க வைப்பேன்.

ஆனால் அந்த இரண்டாவது கட்டம் பல நேரம் கைகொடுத்தது. பெங்களூரிலிருந்து ஒருவர் மூன்று மாதமாக ஒரே புகாரோடு வந்துகொண்டிருந்தார். பெடல் செய்யும்போது 'டக் டக்' என்று சத்தம். கடைக்காரர்கள் செயினை மாற்றி, பெடலை மாற்றி, பெடல்கள் சுழலும் அச்சையும் மாற்றிவிட்டார்கள். நான் அவரிடம் எப்போது வரவில்லை என்று கேட்டேன். யோசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அன்று பக்கத்தில் காய்கறி வாங்கத்தான் போவாராம், செருப்பு போட்டுக்கொண்டு. அவர் ஷூவைக் குனிந்து பார்த்தேன். லேஸின் நுனியில் இருந்த பிளாஸ்டிக், ஒவ்வொரு சுற்றிலும் பெடல் தண்டில் தட்டிக்கொண்டிருந்தது. மனிதர் வெட்கப்பட்டுப் போய்விட்டார். நயினார் சார் அட்டையை வாங்கிப் படித்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல் கையெழுத்துப் போட்டார்.

இப்படிச் சில சத்தங்களைப் பிடித்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்திருந்தது. அதைச் சொல்லாமல் மாதப்பாவின் கதையைச் சொல்ல முடியாது.

மாதப்பா சானமாவுக் காட்டோரத்தில் வாட்சர். யானைக் கூட்டம் எங்கே நிற்கிறது என்று விடிகாலையில் சுற்றிப் பார்த்துவிட்டு, தோட்டத்துக்குப் போகிறவர்களுக்குத் தகவல் சொல்வது அவர் வேலை. அவரையும் சேர்த்து ஆறு வாட்சர்களுக்கு, யாரோ ஒரு நல்ல மனிதர் எங்கள் கம்பெனியின் கியர் சைக்கிள் ஆறு வாங்கிக் கொடுத்திருந்தார். ஒரே நாளில் செய்த, அடுத்தடுத்த எண் கொண்ட வண்டிகள்.

மேடு ஏறும்போது 'டிக்' என்று சத்தம் வருகிறது என்று மாதப்பா முதலில் கடையில் சொன்னார். அவர்கள் செயினை மாற்றிக் கொடுத்தார்கள். சத்தம் போகவில்லை. அடுத்து வண்டி எங்களிடம் வந்தது. நான் ஸ்டாண்டில் ஏற்றிச் சுற்றிப் பார்த்தேன். எல்லா கியரிலும் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கழற்றி, கிரீஸ் வைத்து, இறுக்கினேன். தொழிற்சாலைக்குள் இருக்கும் சிமென்ட் தளத்தில் இரண்டு சுற்று ஓட்டினேன். அட்டையில் 'சத்தம் வரவில்லை' என்று எழுதி நயினார் சாரிடம் நீட்டினேன்.

"ஓட்டிப் பாத்தியளா?"

"பாத்தேன் சார்."

எங்கே என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டார். அட்டை மூடப்பட்டது.

மூன்று வாரம் கழித்து மாதப்பாவே வந்து நின்றார். முட்டைக்கோஸ் ஏற்றி வந்த மினி லாரியில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் பொறுமையாகத்தான் பேசினார்.

"அக்கா, வண்டி நல்லாத்தான் ஓடுது. அந்த டிக்கு மட்டும் போவல."

"சின்னச் சத்தம்தானேங்க? ஓட்டறதுக்கு எடஞ்சலா இருக்கா?"

"ஓட்டறதுக்கு இல்லக்கா. ஆனை பக்கத்துல இருந்தா பெரிசா சத்தம் எதுவும் வராது. ஒரு கெளை ஒடியும், இல்ல காத ஆட்டும். அவ்ளோதான். நான் டிக்கு டிக்குன்னு போய்க்கினு இருந்தா அது எங்க கேக்கும்? நேத்து திரும்பற எடத்துல நின்னுக்கினு இருந்துச்சு. பத்தடி. நான் பாக்கவே இல்ல."

மூடிய அட்டையை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து வட்டமாக, அழகாக இருந்தது.

நயினார் சாரிடம் போய், மாதப்பா ஓட்டுகிற இடத்துக்கே போய்க் கேட்க வேண்டும் என்றேன். "போய்ட்டு வாங்க," என்றார்.

மறுநாள் காலை வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, மாதப்பா தினமும் ஏறும் மண்சாலையின் அடியில் நின்றோம். ஒரு பக்கம் யூகலிப்டஸ், மறுபக்கம் கேழ்வரகு வயல். யானைகள் அன்று மேற்கே தள்ளி நிற்பதாக அவர் விசாரித்து வைத்திருந்தார்.

"நீங்க எப்பவும் போற மாதிரி போங்க. நான் பக்கத்துல நடந்து வரேன்," என்றேன்.

ஏறத் தொடங்கி இருபதடி போயிருப்பார். கேட்டது. 'டிக்.' மெல்லிய, உலர்ந்த சத்தம். வலது பெடல் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒன்று. சிமென்ட் தளத்தில் இது வந்திருக்கவே வாய்ப்பில்லை. காலில் முழு பலமும் கொடுத்து மேட்டில் மிதித்தால்தான் வந்தது.

சைக்கிளில் சத்தம் ஏமாற்றும். குழாய் வழியாகப் பரவி, பெடலில் பிறந்தது சீட்டிலிருந்து வருவது போல இருக்கும். அதனால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்கச் சொன்னேன். சத்தம் வந்தது, ஆக, சீட் இல்லை. ஹேண்டில்பாரைப் பட்டும் படாமல் பிடிக்கச் சொன்னேன். வந்தது, அதுவும் இல்லை. மிதிக்காமல் இறக்கத்தில் உருளச் சொன்னேன். வரவில்லை. சக்கரம் வெறுமனே உருளும்போது வராத சத்தம், மிதிக்கும் பாகத்தோடு சேர்ந்தது. பிறகு எண்ணினேன். செயினில் ஏதாவது ஒரு கண்ணி இறுகியிருந்தால், அது முழுச்சுற்று சுற்றி வரும்போதுதான் சத்தம் கேட்கும். ஒவ்வொரு மிதிக்கும் கேட்காது. இது ஒவ்வொரு மிதிக்கும் கேட்டது. செயின் இல்லை.

பையில் வேறு ஜோடி பெடல் கொண்டு போயிருந்தேன். மாற்றினேன். இடது பெடலின் திருகு மறை எதிர்ப்பக்கம் திரும்பும். எத்தனை வருடம் ஆனாலும் அங்கே ஒரு கணம் கை யோசிக்கும். மாற்றிய பிறகும் சத்தம் வந்தது.

முன்சக்கரத்தை ஒரு பாறையில் முட்டுக் கொடுத்து, மாதப்பாவை பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது பெடலில் ஏறி மிதிக்கச் சொன்னேன். வண்டி நகராமல் பலம் மட்டும் இறங்கியது. 'டிக்.' நான் தரையில் படுத்துக்கொண்டேன். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஒவ்வொரு பாகத்திலும் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டினால் உள்ளே நடப்பது கேட்கும். பெடல் அச்சில் வைத்தேன். கேட்டது. அங்கிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற வலது கீழ்க்குழாயில் வைத்தேன். பளிச்சென்று கேட்டது. விரலை வைத்தேன். கட்டெறும்பு கடித்தது போல நுனியில் தெறித்தது.

அந்தக் குழாயில் செயின் மோதாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை ஒட்டியிருக்கும். புதிதாக வரும்போதே ஒட்டி வருவது. நான் சர்வீஸ் செய்தபோது அதை உரிக்கவில்லை. உரிக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. இப்போது நகத்தால் நெம்பி உரித்தேன். வெல்டிங்குக்குப் பக்கத்தில் பெயின்ட்டில் தலைமுடி போல ஒரு கோடு.

பெயின்ட் மட்டும் கீறியிருக்கலாம். பார்த்தேனா, பார்த்த மாதிரி இருந்ததா என்ற கேள்வி மண்டைக்குள் ஓடியது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அந்த இடத்தை நனைத்து, ஐந்து நிமிடம் விட்டேன். உலர்ந்த துணியால் சுத்தமாகத் துடைத்தேன். சாக்பீஸைக் கத்தியால் சுரண்டி அந்த மாவை மேலே தூவினேன். வெள்ளையாக இருந்தது.

"இப்ப மிதிங்க."

மாதப்பா குனிந்து பார்த்துக்கொண்டே மிதித்தார். அவர்தான் முதலில் பார்த்தார்.

"அக்கா, அழுவுது."

வெள்ளை மாவில் ஈரமாக ஒரு கறுப்புக் கோடு எழுந்து வந்தது. உள்ளே இறங்கிய மண்ணெண்ணெய், மிதிக்க மிதிக்க வெளியே கசிந்தது. பெயின்ட் கீறல் இப்படிக் கசியாது. குழாயில் பாதிச் சுற்றுக்கு விரிசல்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். இந்த வண்டியைத்தான் 'சத்தம் வரவில்லை' என்று எழுதிக் காட்டுக்குள் திருப்பி அனுப்பியிருந்தேன். மூன்று வாரம் இந்த மனிதர் இதன் மேல் உட்கார்ந்து மேடு ஏறி, இறக்கம் இறங்கியிருக்கிறார். இறக்கத்தில் குழாய் விட்டுப்போனால் பின்சக்கரம் கோணி ஃப்ரேமில் மாட்டிக்கொள்ளும். ஆள் தூக்கி எறியப்படுவான்.

"என்னை மன்னிச்சிடுங்க," என்றேன். "போன தடவையே இத நான் பாத்திருக்கணும்."

மாதப்பா கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்குத்தான் அது கத்திக்கினே இருந்துச்சு போல," என்றார். அவ்வளவுதான்.

அங்கே போனில் சிக்னல் இல்லை. மெயின் ரோடு வரை ஓடிவந்து நயினார் சாரைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "நான் மூடின அட்டை சார் அது," என்றேன்.

"என் கையெழுத்தும் இருக்கு. அத அப்புறம் பேசலாம். மிச்சம் அஞ்சு சைக்கிள் எங்க இருக்கு?"

அதுவரை அந்த ஐந்தை நான் நினைக்கவேயில்லை.

ஒரு மணி நேரத்தில் கம்பெனி வேனில் அவரே வந்தார். வாட்சர்கள் கூடும் முகாமில் நான்கு வண்டிகள் கிடைத்தன. வரிசையாகச் சாய்த்து வைத்து, நானும் அவரும் பட்டையை உரித்து, மண்ணெண்ணெய் தடவி, மாவு தூவினோம். முதலாவதில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் நகக்கண் அளவுக்கு ஒரு கோடு கசிந்தது. அந்த வண்டிக்காரர் தனக்குச் சத்தமே கேட்டதில்லை என்றார். மூன்றாவதும் நான்காவதும் சுத்தம்.

ஆறாவது சைக்கிள் சின்னராசு என்ற வாட்சருடையது. அவர் விடியும்போதே மேலே போய்விட்டார். அங்கும் சிக்னல் கிடையாது. மத்தியானம் சாப்பாட்டுக்கு இறங்கி வருவார். வருகிற வழி அந்தப் பக்கத்திலேயே செங்குத்தான இறக்கம், கூழாங்கல் நிறைந்தது.

ஜீப் எடுத்துக்கொண்டு போய் நிறுத்திவிடலாமா என்று நயினார் சார் முகாமுக்குப் பொறுப்பான வனவரைக் கேட்டார். வனவர் மறுத்துத் தலையாட்டினார். "நடுவுல ஏழு ஆனை நிக்குது சார், குட்டியோட. வண்டிச் சத்தத்துக்கு எந்தப் பக்கம் ஓடும்னு சொல்ல முடியாது. அவன் இருக்கற பக்கமே போயிட்டா? இங்கயே நில்லுங்க. வந்துடுவான்."

இறக்கம் வந்து சேரும் இடத்தில் நின்றோம். இரண்டு மணி நேரம். நயினார் சார் ஒரு கல்லில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு அந்த அட்டையே கண்ணில் நின்றது. சின்னராசுவுக்குக் கல்யாணமாகிவிட்டதா என்று மாதப்பாவிடம் கேட்க நினைத்தேன். பதிலைத் தெரிந்துகொள்ளப் பயந்து கேட்கவில்லை.

மத்தியானம் ஒன்றரை மணி இருக்கும். மேலே திருப்பத்தில் காக்கிச் சட்டை தெரிந்தது. மிதிக்காமல், பெடலில் நின்றபடி, கல்லுக்குக் கல் குதித்து வந்துகொண்டிருந்தார். நல்ல வேகம். நான் வாயைத் திறந்தேன். மாதப்பா என் கையைப் பிடித்தார்.

"கத்தாதீங்கக்கா. பயந்து பிரேக்க புடிச்சா இன்னும் மோசம்."

அவர் மட்டும் பாதையின் நடுவில் போய் நின்று, வலது கையை மெதுவாக உயர்த்தினார். அது அவர்களுக்குள் இருக்கும் சைகை. முன்னால் யானை இருக்கிறது, அமைதியாக நில் என்று அர்த்தமாம். சின்னராசு கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்து, இருபதடி தூரத்தில் காலை ஊன்றி நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எங்கடா?" என்று கிசுகிசுத்தார்.

நான் போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். அவர் இறங்கும் வரை விடவில்லை.

பட்டையை உரித்தேன். மண்ணெண்ணெய் தடவினேன். அந்த ஐந்து நிமிடம் போனது போல வேறெந்த ஐந்து நிமிடமும் எனக்குப் போனதில்லை. துடைத்து, மாவு தூவி, பெடலை மிதிக்கச் சொன்னேன். அவர் மிதித்தார். மறுபடி மிதிக்கச் சொன்னேன். மூன்றாம் முறையும் சொன்னேன். மாவு வெள்ளையாகவே இருந்தது. நயினார் சார் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குழாயைச் சுற்றிலும் பார்த்தார்.

"இல்ல," என்றார்.

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், பசிதான் வந்தது. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாதப்பா தன் தூக்குச் சட்டியைத் திறந்து, களியில் பாதியை மூடியில் வைத்துக் கொடுத்தார். நயினார் சாருக்கும் கொடுத்தார். மூவரும் அந்தப் பாதையோரம் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

சின்னராசுவுக்கு மட்டும் கோபம். "கோடு இல்லன்னா நான் ஓட்டிக்கினு போறேன். எதுக்கு வண்டிய புடுங்கறீங்க?"

"ஆறுக்கும் ஃப்ரேம் மாத்திக் குடுப்போம்," என்றார் நயினார் சார். "அதுவரைக்கும் ஓட்டக் கூடாது."

"நடந்தா போவச் சொல்றீங்க?"

"ஆமா."

சின்னராசு கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "அப்போ அந்த சீட்ட மட்டும் கழட்டிக் குடுத்துடுங்கக்கா. புதுசு வந்தா குத்தும். இது எனக்குப் பழகிடுச்சு."

சீட்டுத் தண்டை இறுக்கும் நெம்புகோலைத் தளர்த்தி, சீட்டைத் தண்டோடு உருவிக் கொடுத்தேன். அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

அன்று மாலையே நயினார் சார் அந்த வகை வண்டிகள் தொழிற்சாலையை விட்டு வெளியே போகாமல் நிறுத்தச் சொல்லிவிட்டார். விசாரித்ததில், குழாயைப் பிடித்துக்கொள்ளும் ஒரு கவ்வி தேய்ந்துபோய், குழாயை இழுத்துப் பொருத்தி வெல்டிங் வைத்திருந்தது தெரிந்தது. அந்தச் சில நாட்களில் செய்த வண்டிகள் எல்லாவற்றையும் கடைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் திரும்ப வரவழைத்தோம். அவற்றில் இன்னும் சிலவற்றில் கோடு இருந்தது. ஒருவரும் விழுந்திருக்கவில்லை. அந்தத் தகவலைக் கடைசிக் கடையிலிருந்து போனில் கேட்ட நாளில்தான் நான் நன்றாகத் தூங்கினேன்.

அட்டையைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று சொன்னவர், ஒரு வாரம் கழித்துப் பேசினார். நான் சாக்குச் சொல்லவில்லை. சிமென்ட் தளத்தில்தான் ஓட்டினேன் என்றேன். "எங்கன்னு நானும் கேக்கலியே," என்றார். புதிய அட்டைகள் அச்சடித்து வந்தபோது மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்ந்திருந்தது: எங்கே ஓட்டிக் கேட்டீர்கள். இப்போது ஷாகிரா கம்ப்யூட்டரில் நிரப்புகிற படிவத்திலும் அந்தக் கேள்வி இருக்கிறது. எதற்காக என்று தெரியாதவர்களுக்கு இப்போது தெரிந்திருக்கும்.

ஒரு மாதம் கழித்து ஆறு வண்டிகளையும் புது ஃப்ரேமில் பூட்டி வேனில் ஏற்றிக்கொண்டு முகாமுக்குப் போனேன். இந்த முறை ஆறையும் அந்த மண்சாலை மேட்டில் நானே ஓட்டிப் பார்த்தேன். ஐம்பது தாண்டிய பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடு ஏறுவதை வாட்சர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மூச்சு வாங்கியது. வேறு சத்தம் கேட்கவில்லை.

சின்னராசு கடைசியாக வந்தார். அக்குளில் அந்தச் சீட். புது சீட்டை உருவிவிட்டு அதைச் செருகினேன்.

"தண்டுல ஆணியால கோடு கீறி வெச்சிருக்கேன் பாருங்க. அது வரைக்கும் எறக்குங்க."

இறக்கினேன். ஏறி உட்கார்ந்து, இடுப்பை இரண்டு பக்கமும் அசைத்துப் பார்த்தார்.

"ம். இதான்," என்றார்.

கேழ்வரகு அறுப்புக்கு வந்திருந்த நேரம். கதிர் தேடி யானைகள் இறங்கும் காலம், அவருக்கு வேலை இருந்தது. திரும்பிப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு போனார்.